முட்டை தேடும் விழாவில் பெற்றோர் தள்ளுமுள்ளு: வெறுங்கூடையுடன் அழுத குழந்தைகள்!

குழந்தைகள் விளையாட வேண்டிய இடத்தில் பெரியவர்கள் புகுந்து விளையாடினால் என்ன ஆகும்? விழாவே நின்றுபோகும்! அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் ஒரு பகுதிக்குப் "பழைய கொலராடோ சிட்டி" என்று பெயர். கடைகள் நிறைந்த வட்டாரம். அங்கே பேங்க்கிராப்ட் பூங்கா இருக்கிறது. ஈஸ்டர் பண்டிகையையொட்டி இந்தப் பூங்காவில் குழந்தைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு நடத்துவார்கள்.

2011-ம் ஆண்டும் நடத்தினார்கள். மிட்டாய் அடைத்த பிளாஸ்டிக் முட்டைகளைப் பூங்காவில் போட்டு வைத்தார்கள். கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு உள்ளே பிள்ளைகள் மட்டும்தான் போகலாம். பெற்றோர் வெளியே நிற்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆனால் விளையாட்டு தொடங்கியதும் பெற்றோர் பலர் கயிற்றைத் தாண்டிக் குதித்தார்கள்! தங்கள் பிள்ளைக்கு முட்டை கிடைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு அள்ளினார்கள்.

அம்புட்டுதான். சில வினாடிகளில் எல்லா முட்டையும் காலி!

ஒழுங்காகக் காத்து நின்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுங்கூடையோடு நின்றார்கள்.

இதனால் 2012-ம் ஆண்டு அந்த விழா ரத்து செய்யப்பட்டது. பிள்ளைகள் செய்த தவறு எதுவும் இல்லை. பெரியவர்கள் கயிறு தாண்டியதற்குப் பிள்ளைகளுக்குத் தண்டனை!

அது என்ன விளையாட்டு?

ஏசுநாதர் உயிர்த்தெழுந்த நாள் ஈஸ்டர். அது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21-ந் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பவுர்ணமியை வைத்து, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை ஈஸ்டராகக் கொள்கிறார்கள். ஆகவே மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

2025-ல் ஏப்ரல் 20. 2026-ல் ஏப்ரல் 5. 2027-ல் மார்ச் 28. இப்படி மாறி மாறி வரும்.

அமெரிக்காவில் அது குளிர் விலகி, புல் முளைத்து, மரம் துளிர்க்கும் காலம். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் வெளியே ஓடி ஆடத் துடிப்பார்கள்.

அவர்களுக்காகப் பெரியவர்கள் வண்ண முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைப்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கூடையோடு தேடுவார்கள். யார் எடுத்தாலும் எடுத்தவருக்கே சொந்தம். வீட்டுத் தோட்டத்தில் நாலு பிள்ளைகள் தேடினால் சிரிப்பும் கும்மாளமும்தான். அதையே பொதுப் பூங்காவில் ஆயிரம் பேரைக் கூட்டி நடத்தும்போதுதான் வம்பு வருகிறது.

முட்டை கொண்டுவரும் முயல்!

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்டருக்கு முன்பு கிறிஸ்தவர்கள் 40 நாள் தவக்காலம் அனுசரிப்பார்கள். பழைய காலத்து ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி மட்டும் அல்ல, முட்டையும் சாப்பிட மாட்டார்கள். மனிதர்கள் விரதம் இருந்தால் கோழிக்கு என்ன? அது பாட்டுக்கு முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். ஈஸ்டர் வரும்போது வீட்டில் முட்டை குவிந்து கிடக்கும். அதை அவித்து, சாயம் பூசி, பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம் ஆயிற்று.

ஜெர்மனியில் இதோடு ஒரு முயல் கதையும் சேர்ந்துகொண்டது. முயல் வந்து தோட்டத்தில் முட்டையை ஒளித்து வைத்துவிட்டுப் போகும் என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். 1682-ம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் இந்த முயல் கதையைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஜெர்மனியில் இருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் அந்த முயலையும் தங்களோடு கொண்டு போனார்கள்.

இங்கிலாந்து ராஜ குடும்பத்திலும் இந்த வழக்கம் உண்டு. பின்னாளில் மகாராணியான விக்டோரியா, 1833-ம் ஆண்டு ஈஸ்டரில் முட்டை தேடியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 13. முட்டைகளுக்குச் சித்திர வேலை செய்து வைத்தவர் அவருடைய தாயார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான்.

அரண்மனைத் தோட்டத்தில் தேடியவர்கள் சிலரே. கயிறு கட்ட வேண்டிய தேவை இல்லை!

கனெக்டிகட்டிலும் கலாட்டா

கொலராடோவில் நடந்தது ஏதோ ஒரு தடவை நடந்த அசம்பாவிதம் என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் இன்னொரு கோடியில், 5 ஆண்டு கழித்து, அதே கதை நடந்தது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊர் இருக்கிறது. "பெஸ்" மிட்டாய்க் கம்பெனியின் பார்வையாளர் மையம் அங்கே உள்ளது. 2016-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி, சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய நாள். குழந்தைகளுக்கு முட்டை தேடும் விழா.

ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள். 3 மைதானங்கள். வயதுக்கு ஏற்றபடி பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு நேரம் என்று குறித்திருந்தார்கள்.

ஆனால் கூட்டம் பொறுக்கவில்லை. நேரம் வருவதற்கு முன்பே பெரியவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ஒரு மைதானத்தில் முட்டை தீர்ந்ததும் அடுத்த மைதானத்துக்கு ஓட்டம்! தள்ளுமுள்ளுவில் பிள்ளைகள் கீழே விழுந்தார்கள். 4 வயதுப் பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்ததாக அவனுடைய தாய் டி.வி. நிருபரிடம் வருத்தப்பட்டார்.

முட்டை கிடைக்காத பிள்ளைகளுக்கு ஊழியர்கள் கையில் இருந்த மிட்டாய்களைக் கொடுத்துச் சமாதானம் செய்து பார்த்தார்கள்.

இவ்வளவுக்கும் ஒரு பிளாஸ்டிக் முட்டைக்குள் இருப்பது என்ன? ஒன்றிரண்டு மிட்டாய்!

கடையில் காசு கொடுத்து வாங்கினால் கொஞ்ச ரூபாய் கூட ஆகாது. ஆனாலும் "நம்ம பிள்ளைக்கு மட்டும் கிடைக்காமப் போயிடுமோ" என்ற பயம் வந்துவிட்டால், படித்தவர், பதவியில் இருப்பவர் என்ற வித்தியாசம் எல்லாம் பறந்துபோகிறது. ஒருவர் கயிற்றைத் தாண்டினால் போதும். ஒழுங்காக நிற்பவரும், "நாம்தான் ஏமாளியா?" என்று குதித்து விடுகிறார்.

வெள்ளை மாளிகை வாசலில் வாடகைப் பிள்ளைகள்!

ஈஸ்டர் முட்டையால் வரும் கூட்டத் தொல்லை இன்று நேற்று முளைத்தது அல்ல. 140 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பாராளுமன்றம் இதற்காக ஒரு சட்டமே போட்டிருக்கிறது.

தலைநகர் வாஷிங்டனில் பாராளுமன்றக் கட்டிடம் ஒரு மேட்டில் இருக்கிறது. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை அந்தச் சரிவில் பிள்ளைகள் கூடுவார்கள். அவித்த முட்டைகளை உருட்டிவிட்டு விளையாடுவார்கள். புல்தரை துவம்சம் ஆயிற்று. எனவே பாராளுமன்ற வளாகத்தை விளையாட்டு மைதானம் ஆக்கக் கூடாது என்று 1876-ம் ஆண்டு சட்டம் வந்தது.

1877-ல் மழை பெய்ததால் பிரச்சினை எழவில்லை. 1878-ல் பிள்ளைகள் முட்டையோடு வந்தபோது விரட்டப்பட்டார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ரதர்போர்டு ஹேஸ். அவர் வெள்ளை மாளிகையின் புல்தரையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். அன்று தொடங்கிய முட்டை உருட்டும் விழா இன்றும் நடக்கிறது. உலக யுத்தக் காலங்களிலும், 2020, 2021-ல் கொரோனா காரணமாகவும் நிறுத்தப்பட்டது.

அங்கேயும் பெரியவர்கள் கூட்டம் நெருக்கியது. பிள்ளைகள் விழாவுக்குப் பெரியவர்கள் ஏன் வருகிறார்கள்? "குழந்தையோடு வரும் பெரியவருக்கு மட்டுமே அனுமதி" என்று விதி செய்தார்கள்.

விதி வந்ததும் வியாபாரமும் வந்தது!

வெள்ளை மாளிகை வாசலில் சில சிறுவர்கள் நின்றுகொண்டார்கள். குழந்தை இல்லாமல் வரும் பெரியவர்களிடம் காசு பேசினார்கள். காசைக் கொடுத்தால் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி உள்ளே அழைத்துப் போவார்கள். உள்ளே விட்டதும் வேறு வாசல் வழியாக வெளியே வந்து, அடுத்த ஆளைப் பிடிப்பார்கள்! 1930-களில் இந்த வாடகைப் பிள்ளை வியாபாரம் ஜோராக நடந்தது. கடைசியில் ஜனாதிபதியின் ரகசியப் பாதுகாப்புப் படையினரே தலையிட்டு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

இப்போது வெள்ளை மாளிகை விழாவுக்கு இலவச டிக்கெட். ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது, குலுக்கல் முறை. வருகிறவர்களை ஒரே நேரத்தில் உள்ளே விடாமல், நேரம் பிரித்து விடுகிறார்கள். கூட்டத்தை வாசலிலேயே அளந்து விடுவது என்ற பாடத்தை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

5 லட்சம் முட்டை

"முட்டையைக் கூடுதலாகப் போட்டால் சண்டை வராதே?" என்று தோன்றலாம்.

புளோரிடா மாநிலம் விண்டர் ஹேவன் நகரில் இருந்த சைப்ரஸ் கார்டன்ஸ் பூங்காவில் 2007-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ஒரு முட்டை வேட்டை நடந்தது. 5 லட்சத்து ஆயிரம் முட்டைகள்! தேடிய குழந்தைகள் 9 ஆயிரத்து 753 பேர். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த வேட்டை இது. கணக்குப் பார்த்தால் தலைக்கு 51 முட்டை வருகிறது.

எல்லா ஊராலும் 5 லட்சம் முட்டை போட முடியுமா? முடியாது. போட்டாலும், ஒருவர் 200 முட்டையை மூட்டை கட்டினால் இன்னொருவருக்குக் குறையத்தான் செய்யும். எத்தனை முட்டை என்பது பாதிக் கணக்குதான். ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்பதே மீதிக் கணக்கு.

இதை முன்கூட்டியே முடிவு செய்யாத விழாக்களில்தான் பிள்ளைகள் அழுகிறார்கள்.

திட்டம் போடுவது எப்படி?

முதல் வேலை, எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்துகொள்வது. "அனைவரும் வருக" என்று போர்டு எழுதி மாட்டினால் எவ்வளவு பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் பதிவு செய்துகொண்டால் கணக்குத் தெரிந்துவிடும்.

100 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 10 முட்டை என்றால் 1,000 முட்டை வேண்டும். பிளாஸ்டிக் முட்டை இரண்டு பாதியாகத் திறக்கும். மிட்டாயைப் போட்டு மூட வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 4 முட்டை நிரப்பினாலும், 1,000 முட்டைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விழா அன்று காலையில் உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது.

அடுத்தது, "ஒருவருக்கு 10 முட்டைதான்" என்ற விதி. இதை வாசலில் எழுதி வைக்க வேண்டும். மைக்கிலும் சொல்ல வேண்டும். 10 முட்டை சேர்ந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். கூடையைப் பெரிதாகக் கொண்டுவந்து பயன் இல்லை. ஓடிப்போய் அள்ளினாலும் 10. மெதுவாக நடந்தாலும் 10. அவசரத்துக்கு வேலையே இல்லை.

மூன்றாவது, வயதுப் பிரிவு. 3 வயதுப் பிள்ளையையும் 10 வயதுப் பையனையும் ஒன்றாக விட்டால் சின்னதின் கதி என்ன? பெரியவன் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் வாரி விடுவான். ஆகவே 3 வயது வரை ஒரு இடம். 4 முதல் 6 வரை ஒரு இடம். 7 முதல் 9 வரை ஒரு இடம். அதற்கு மேல் ஒரு இடம். சின்னப் பிள்ளைகளுக்குப் புல்மேல் கண்ணுக்குத் தெரியும்படி போடலாம். பெரியவர்களுக்குப் புதரிலும் மரப் பொந்திலும் ஒளிக்கலாம்.

பேங்க்கிராப்ட் பூங்காவில் ஒளித்து வைக்க இடம் அதிகம் இல்லாததால் முட்டைகளைப் பார்வையில் படும்படி போட்டிருந்தார்கள். மைதானம் முழுக்க முட்டை மின்னினால் அது தேடும் விளையாட்டு ஆகாது. அள்ளும் போட்டி ஆகிவிடும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, பெற்றோரை எங்கே நிறுத்துவது? ஒற்றைக் கயிறு யாரையும் தடுக்காது என்பதை 2011 காட்டிவிட்டது. கயிற்றுக்கும் முட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் தொண்டர்களை நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. ஒருவருக்கு விசில். ஒருவருக்கு வாசல் காவல். ஒருவருக்குக் கணக்கு எழுதும் வேலை. பொறுப்பு கைக்கு வந்தவர் கயிறு தாண்ட யோசிப்பார்.

3 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு ஒரு பெரியவர் உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் முட்டையைத் தொடுவது பிள்ளையின் கையாக இருக்க வேண்டும்.

வாசல் ஒன்று, வெளியேறும் வழி வேறொன்று. உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் முட்டிக்கொள்ளக் கூடாது.

முட்டைக்குள் என்ன?

நிஜ முட்டையா, பிளாஸ்டிக் முட்டையா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

அவித்த முட்டையை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்க விவசாயத் துறை எச்சரிக்கிறது. மண்ணில் கிடந்த முட்டையிலும், ஓடு விரிசல் விட்ட முட்டையிலும் கிருமி புகுந்துவிடும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். எனவே பல வீடுகளில் நிஜ முட்டை அழகு பார்க்க. பிளாஸ்டிக் முட்டை தேடிப் பிடிக்க.

விலையும் ஒரு காரணம். பறவைக் காய்ச்சலில் கோழிகள் கோடிக்கணக்கில் அழிக்கப்பட்டதால் 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்டைத் தொட்டது. அந்த ஈஸ்டருக்குச் சிலர் முட்டைக்குப் பதிலாக உருளைக்கிழங்குக்குச் சாயம் பூசினார்கள்! வெள்ளை மாளிகையில் மட்டும் சுமார் 30 ஆயிரம் நிஜ முட்டைகள். கோழிப் பண்ணையாளர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தவை.

பிளாஸ்டிக் முட்டையிலும் ஆபத்து உண்டு. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எதைக் கண்டாலும் வாயில் போடும். கெட்டி மிட்டாய், கோலி, பொம்மையின் சின்னப் பாகம் தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் ஒன்றேகால் அங்குலம். அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் பொருள் எதுவாக இருந்தாலும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மையில் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் முட்டைக்குள் என்ன போடலாம் என்பதற்கும் இதுவே நல்ல அளவுகோல்.

தின்பண்டத்துக்கு உள்ளே பொம்மையை ஒளித்து விற்கக் கூடாது என்று அங்கே 1938-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் சாக்லெட்டுக்குள் பொம்மை வைத்த "கிண்டர் சர்ப்ரைஸ்" முட்டைக்கு அமெரிக்காவில் தடை. வெளிநாட்டில் இருந்து கொண்டுபோனால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்து விடுவார்கள். நம்மூர்க் கடைகளில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் "கிண்டர் ஜாய்" முட்டையில் பொம்மை ஒரு பாதியிலும் தின்பண்டம் மறு பாதியிலும் தனித்தனியாக இருக்கிறது. அதனால் அதற்குத் தடை இல்லை. 2017 கடைசியில் அங்கே விற்பனைக்கு வந்தது.

இன்னொரு எச்சரிக்கை நாய் வளர்ப்பவர்களுக்கு. சாக்லெட் நாய்க்கு விஷம். புதரில் மறந்துபோன ஒரு சாக்லெட் முட்டை போதும், வீட்டு நாயைக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வைக்கும்.

ஆகவே எத்தனை முட்டை ஒளித்தோம், எங்கெங்கே ஒளித்தோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விழா முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிஜ முட்டையாக இருந்து கணக்கில் ஒன்று குறைந்தால், அடுத்த வாரம் நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும்!

காணாமல் போகும் பிள்ளைகள்

முட்டை காணாமல் போனால் பரவாயில்லை. பிள்ளை காணாமல் போனால்?

தரையைப் பார்த்தபடியே ஓடும் பிள்ளை, தலையை நிமிர்த்தும்போது அம்மாவும் தெரியாது, அப்பாவும் தெரியாது. பிள்ளையின் கையில் பெற்றோரின் டெலிபோன் நம்பரை எழுதிய பட்டை கட்டிவிட்டால் இந்தக் கவலை பாதி தீரும். காணாமல் போன பிள்ளைகளை உட்கார வைக்க ஒரு மேஜை, அதன் மேல் தூரத்தில் இருந்தே தெரியும்படி ஒரு கொடி. இது இல்லாமல் எந்த விழாவையும் தொடங்கக் கூடாது.

மழையையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஈஸ்டர் முன்கூட்டி வந்தால் பனியே கொட்டும். விழாவை மாற்ற ஒரு ஹால் பார்த்து வைக்க வேண்டும். பூங்காவுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். தேதி ஆண்டுதோறும் மாறுவதால், போன வருஷத்துத் தேதியை நம்பிக் காத்திருந்தால் இடம் கிடைக்காது.

வெடிகுண்டு நிபுணர்கள் செய்த முட்டை!

இதுவரை சொன்னது எல்லாம் கண் தெரிந்த பிள்ளைகளின் விளையாட்டு. கண் தெரியாத பிள்ளை முட்டையை எப்படித் தேடும்?

இந்தக் கேள்வி அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரில் ஒரு அதிகாரிக்கு வந்தது. கள்ளத் துப்பாக்கி, வெடிமருந்து வழக்குகளை விசாரிக்கும் மத்திய அரசு இலாகாவில் அவருக்கு வேலை. அவருடைய மகளுக்குக் கண் பார்வை இல்லை. மற்றப் பிள்ளைகள் முட்டை தேடி ஓடும்போது அவருடைய மகளால் சேர்ந்து விளையாட முடியவில்லை.

வெடிகுண்டு என்றால் பேட்டரி, ஒயர், சுவிட்சு. இதெல்லாம் அந்த இலாகாக்காரர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே பேட்டரி, ஒயர், சுவிட்சை வைத்து அவர் ஒரு முட்டை செய்தார். பெரிய பிளாஸ்டிக் முட்டை. உள்ளே "பீப்... பீப்..." என்று கத்தும் ஒரு கருவி. சுவிட்சைப் போட்டுப் புல்லில் வைத்தால் கத்திக்கொண்டே இருக்கும். பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு சத்தம் வரும் பக்கம் நடந்து, குனிந்து, கையால் தடவி எடுத்துவிடும்!

2000-களின் நடுவில் தொடங்கியது இந்த முயற்சி. வெடிகுண்டு நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் இதற்குக் கைகொடுத்தது. குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் நிபுணர்கள் உட்கார்ந்து முட்டை செய்தார்கள். இன்று அமெரிக்காவின் பல ஊர்களில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்த விழா நடக்கிறது. சில இடங்களில், கண் தெரிந்த அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்ந்து தேடுகிறார்கள்.

மற்ற விழாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இந்த விழாவில் இருக்கிறது. கத்தும் முட்டையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவது இல்லை. அடுத்த ஆண்டுக்கும் அது வேண்டும். எனவே பிள்ளை முட்டையைக் கண்டுபிடித்ததும் திரும்பக் கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக மிட்டாயோ பரிசோ வாங்கிக்கொள்ளும்.

அதாவது முட்டை என்பது இங்கே ஒரு டோக்கன் மாதிரி. அள்ளிக் குவித்து லாபம் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷம் பிள்ளைக்கு; முட்டை விழாக்காரருக்கு.

இதையே மற்ற விழாக்களிலும் செய்யலாம். மைதானத்தில் போடுவது எல்லாம் காலி முட்டை. பிள்ளை தான் எடுத்ததை வெளியேறும் வழியில் உள்ள மேஜையில் கொடுக்க வேண்டும். 3 முட்டை கொண்டுவந்த பிள்ளைக்கும் ஒரு பொட்டலம். 10 கொண்டுவந்த பிள்ளைக்கும் அதே பொட்டலம். கயிறு தாண்டிக் குதித்து அள்ளிய அப்பாவின் கையில் மிஞ்சுவது காலி பிளாஸ்டிக்!

செலவும் குறைவு. 1,000 முட்டைக்கு மிட்டாய் நிரப்பும் 4 மணி நேர வேலை மிச்சம். 100 பொட்டலம் கட்டினால் போதும். தொண்டையில் சிக்கும் பண்டத்தைச் சின்னப் பிள்ளைகளின் பொட்டலத்தில் இருந்து விலக்குவதும் சுலபம். காலி முட்டையை நாய் தின்றுவிடும் என்ற பயமும் இல்லை. அடுத்த ஆண்டுக்கும் அதே முட்டை உதவும்.

பார்வையற்ற பிள்ளைகளின் விழாவில் பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. முட்டையின் சத்தம் பிள்ளையின் காதில் விழ வேண்டும். ஆகவே பெரியவர்கள் பேசாமல் நிற்க வேண்டும். "அங்கே பார், இங்கே பார்" என்று கத்தினால் பிள்ளைக்குத் திசை தெரியாது.

கப்சிப் என்று நின்றால், பிள்ளை தானே தேடிக் கண்டுபிடித்துவிடும்.